சில்லு அக்காவும் காணாமற்போன முக்கோணமும்

புதுச்சேரியில் எந்தப் பொருள் உடைந்தாலும் அதற்குத் துக்கம் விசாரிக்க நேரில் சென்ற ஒரே மனிதர் எங்கள் சில்லு அக்காதான். துக்கம் என்பதுகூடப் பொருத்தமான சொல் அன்று. வரும்போது அவர் முகத்தில் கல்யாண வீட்டுக்குப் பந்தி தொடங்குவதற்குள் வந்து சேர்ந்துவிட்டவரின் களை இருக்கும்.

லாஸ்பேட்டையில் நாங்கள் தங்கிப் படித்த மகளிர் விடுதியில் இரண்டாம் மாடியின் கடைசி அறை அவருடையது. கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. வருகைப் பதிவின்போது மட்டும் அது ஒலிக்கும். அப்போது அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார். மற்ற நேரங்களில், மெஸ் மாஸ்டர் முதல் தண்ணீர்க் கேன் கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் சில்லு அக்கா.

அவருடைய ஆய்வுப் பொருள் துண்டாதல். ஒரு பொருள் உடைந்தால் எத்தனை துண்டாகும், எந்தெந்த அளவில் ஆகும், ஏன் அப்படி ஆகும் என்பதே அவர் வாழ்க்கையின் கேள்வி. கண்ணாடியும் கருங்கல்லும் அப்பளமும் வெவ்வேறு கடைகளில் விற்கப்படுவது வியாபார வசதிக்காக மட்டுமே என்றும், உடையும்போது அவை மூன்றும் ஒரே குடும்பம் என்றும் அவர் நம்பினார். பெரிய துண்டுகள் சில. நடுத்தரத் துண்டுகள் அவற்றைவிட அதிகம். பொடியோ எண்ணி மாளாது. எதை உடைத்தாலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை. இதை அவர் ‘கணக்கு’ என்று மட்டும் குறிப்பிடுவார். வேறு கணக்குகளும் உலகில் உண்டு என்பதை அவர் பெரிதாக ஒப்புக்கொண்டதில்லை.

விடுதியில் எங்காவது ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்தால், ஓசை அடங்குவதற்குள் மாடிப்படியில் அவருடைய ரப்பர் செருப்பின் ஓசை தொடங்கிவிடும். ஒரு கையில் தட்டு, மறு கையில் தூரிகை, வாயில் சில்லு பொறுக்கும் சாமணம். வாசலிலேயே நின்று சாமணத்தை எடுத்துவிட்டு ஆணையிடுவார்.

“யாரும் கிட்ட போவாதீங்க. ஒடஞ்சது ஒடஞ்ச எடத்துலயே இருக்கட்டும்.”

முதலாண்டு மாணவி ஒருத்தியின் முகம் பார்க்கும் கண்ணாடி ஒருமுறை விழுந்து நொறுங்கியது. வீட்டுக்கு ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அக்கா தரையில் மண்டியிட்டுச் சுற்றிலும் பார்த்தார். பிறகு அவள் தோளில் கைவைத்து, “அழுவாதடி. எம்மா அழகா ஒடஞ்சிருக்கு பாரு. இப்படி ஒன்னு ஒடையாதான்னு நான் எத்தினி நாளா காத்திருக்கேன் தெரியுமா?” என்றார். அந்தப் பெண் உடனே அழுகையை நிறுத்தினாள். ஆறுதலால் நிறுத்தினாளா, அச்சத்தால் நிறுத்தினாளா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

எங்கள் விடுதிக் காப்பாளர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவரை யாரும் மேடம் என்று அழைப்பதில்லை, மதாம். அவருடைய கோபம் பிரெஞ்சில் புறப்பட்டுத் தமிழில் வந்து சேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் இரண்டாம் மாடியில் ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்ததைக் கேட்டு அவர் ஏறி வந்தார். ஒயிட் டவுன் கடை ஒன்றில் வாங்கிய ஸ்பகெட்டிக் குச்சிகளை அக்கா ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தார். இரு முனைகளையும் பிடித்து வளைத்துச் சரியாக இரண்டு துண்டாக உடைத்துக் காட்டுகிறவருக்கு ஒரு வாரம் துணி துவைத்துத் தருவதாகப் பந்தயம். ஒருத்தியாலும் முடியவில்லை. மூன்றாக முறிந்தது, நான்காக முறிந்தது, இரண்டாக மட்டும் முறிய மறுத்தது.

“அலோர், சாப்பிடுற பொருள வச்சிக்கிட்டு இன்னாமா வெளயாட்டு? இதுல இன்னா கஷ்டம்? குடு இங்க” என்றார் மதாம். வளைத்தார். மூன்று துண்டு.

“கை நழுவிடுச்சு. இன்னொன்னு குடு.”

நான்கு துண்டு.

முதல் முறிவின் அதிர்ச்சி இரண்டு பாதிகளிலும் அலையாக ஓடி மறுபடி முறிக்கிறது என்று அக்கா விளக்கிக்கொண்டிருந்ததை மதாம் காதில் வாங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு குச்சிமேல் குச்சியாக முறித்தார். பொட்டலம் காலியான பின் எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த துணுக்குகளைத் தட்டிவிட்டு, “இது நல்ல கம்பெனி இல்ல” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எதற்காக மாடிக்கு வந்தார் என்பது அவருக்கு மாலையில்தான் நினைவுக்கு வந்ததாம்.

துண்டாதல் தமக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதில் அக்காவுக்கு ஐயமில்லை. எல்லாத் துறையினரும் அதைப் பங்கு போட்டு ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆகவே மொட்டை மாடியில் துணி காயப்போட வருகிற ஒவ்வொருத்தியையும் கொடிக்குக் கீழே நிறுத்தி விசாரிப்பார்.

“உங்க படிப்புல இன்னா ஒடையுது, சொல்லு.”

விலங்கியல் மாணவி சொன்னாள். “சில நட்சத்திர மீன வெட்டிப் போட்டா சாவாதுக்கா. ஒத்தக் கையிலேருந்து முழு மீனும் வளந்துடும்.”

“அப்ப அதுக்கு ஒடையறதும் புள்ள பெத்துக்கறதும் ஒன்னுதானா?”

“ஒன்னுதான்.”

“குடுத்து வச்சது.”

சூழலியல் படிப்பவள், ஒரு காட்டின் நடுவே சாலை போட்டால் இரண்டு அரைக்காடுகள் கிடைக்கும் என்று நினைப்பது தவறு என்றாள். ஓரங்கள் பெருகும், உட்பகுதி சுருங்கும், முழுக்காட்டில் மட்டும் வாழக்கூடிய உயிர்கள் இரண்டு பாதியிலும் இருக்காது. வேதியியல் மாணவி தங்கள் ஆய்வகத்து இயந்திரம் ஒன்றைப் பற்றிச் சொன்னாள். அது மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்த்து, உடைந்தது இன்னதென்று கண்டுபிடிக்குமாம்.

“முழுசா இருக்கறப்ப அது வாயே தொறக்காதுக்கா. ஒடச்சாத்தான் தான் யாருன்னு சொல்லும்.”

“போலீஸ் ஸ்டேஷன் மாதிரி” என்றார் அக்கா.

என் அறைத்தோழி வெண்ணிலா கணினியியல் படித்தாள். நோணாங்குப்பத்தைச் சேர்ந்தவள். உணவின் மீதும் உறக்கத்தின் மீதும் அவளுக்கு இருந்த ஈடுபாடு பாடநூல்களின் மீது இருந்ததில்லை. அவளும் விசாரணைக்குத் தப்பவில்லை.

“கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல் முழுசா ஒரே எடத்துல இருக்கும்னு சொல்ல முடியாதுக்கா. எடம் இருக்கற பக்கம்லாம் துண்டு துண்டா கெடக்கும். கேட்டா மட்டும் சேத்துக் குடுத்துடும்.”

“உன் ரூமு மாதிரியா?”

“எங்க ரூம்ல கேட்டாலும் கெடைக்காது.”

தமிழ் படித்த என் முறை வந்தபோது, முழுமையாக நமக்குக் கிடைக்காமல் போன பழைய தமிழ் நூல்கள் உண்டென்றும், உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்ட சில பாடல்கள் மட்டுமே அவற்றுள் எஞ்சியுள்ளன என்றும் சொன்னேன். மற்றவர்களிடம் காட்டாத பரிவோடு அக்கா என்னைப் பார்த்தார்.

“மீதி எவ்ளோ இருந்துதுன்னு தெரியுமா?”

“சில நூல்கள்ல எவ்ளோ இருந்துதுன்னே தெரியாதுக்கா.”

“எப்படிடி தூங்கறீங்க நீங்கள்லாம்?” என்றார்.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் நடந்தது அவருடைய புகழை விடுதிக்கு வெளியேயும் பரப்பியது. வேண்டுதல் நிறைவேறினால் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைப்பது ஊர் வழக்கம். எங்கள் தெருமுனையில் அதற்கென்றே ஒரு கருங்கல் பதித்திருந்தார்கள். நாள்தோறும் யாரோ தம் செலவில் ஒரு பொருளை ஓங்கி உடைத்துவிட்டு, சில்லுகளை அப்படியே விட்டுச் செல்கிறார்கள் என்பதை அறிந்த அன்று அக்கா மதியம் சாப்பிடக்கூட வரவில்லை. மறுநாள் காலையில் நானும் வெண்ணிலாவும் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, தட்டு, தூரிகை, சிறு தராசு சகிதமாக அந்தக் கல்லருகே அமர்ந்திருந்தார்.

புது ஸ்கூட்டருக்கு மாலை போட்டுக்கொண்டு வந்த ஒருவர் தேங்காயை ஓங்கினார்.

“அண்ணே, ஒரு நிமிசம். கொஞ்சம் இடுப்பு ஒசரத்துலேருந்து ஒடைக்கிறீங்களா?”

அவர் ஓங்கிய கையை இறக்கவில்லை. “இன்னாத்துக்குமா?”

“ஆராய்ச்சிக்கு. தலைக்கு மேலேருந்து ஒடச்சது நெறைய எடுத்துட்டேன். இடுப்பு ஒசரம்தான் கொறையுது.”

“இடுப்பு ஒசரத்துல ஒடச்சா வண்டி பாதி வழியில நின்னுடப் போவுதும்மா. தேங்கா ஒடையுமா ஒடையாதான்னு பாக்கறதா ஆராய்ச்சி? அது ஒடையும். நான் சொல்றேன், எழுதிக்க.”

உடைத்தார். அக்கா பாய்ந்தார். எல்லாத் துண்டுகளும் கிடைத்தால்தான் கணக்கு நேராகும். ஆனால் கோயில் மதிலில் காத்திருந்த காக்கை ஒன்று அக்காவைவிட அனுபவம் மிக்கது. நல்ல பெரிய சில்லு ஒன்றைக் கவ்விக்கொண்டு மின்கம்பத்தில் போய் அமர்ந்தது. அக்கா கம்பத்தின் கீழே நின்று, திருப்பித் தரும்படி அதனிடம் நியாயம் பேசினார். ஸ்கூட்டர்காரர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எந்தப் பிள்ளையார் அவர் மனத்தில் புகுந்தாரோ, கடைக்குப் போய் இன்னொரு தேங்காய் வாங்கி வந்தார்.

“வாம்மா. இடுப்பு ஒசரந்தான? காக்காவ நான் பாத்துக்கறேன்.”

அதன்பின் அந்தக் கல்லருகே வருகிறவர்கள், “அந்தப் பொண்ணு வந்துடட்டும்” என்று காத்திருக்கத் தொடங்கினார்கள். சிலர் அவர் இருந்தால் வேண்டுதல் சீக்கிரம் பலிக்கிறது என்றே நம்பினார்கள்.

இவ்வளவும் எங்களுக்கு வேடிக்கையாகவே இருந்தது, விடுதி தினம் வரும்வரை.

அன்று மதிய விருந்துக்கு மெஸ்ஸில் சேமியாப் பாயசம். அடுப்பறையில் பெரிய அண்டா நிறையக் கொதித்து இறங்கியிருந்தது. பந்தி தொடங்கச் சற்று நேரமே இருந்தபோது வெண்ணிலா மலர்ந்த முகத்தோடு மாடியேறி வந்து, அக்காவின் அறைக்கதவைத் தட்டினாள். நான் அக்காவின் அறையில்தான் இருந்தேன்.

“அக்கா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. மெஸ்ல ஏலக்கா பாட்டில் ஒடஞ்சிடுச்சி. மாஸ்டர் எல்லாத்தையும் பொறுக்கி மொறத்துல வச்சிருக்காரு. குப்பையில கொட்ட வேணாம், அக்கா வருவாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அக்கா தட்டை எடுத்தார். “எங்க ஒடஞ்சிது?”

“பாயச அண்டா மேல. ஏலக்காத்தூள் ஒட்டிக்கிச்சுன்னு விளிம்புல ஒரு தட்டு தட்டினாராம்.”

“பாயசம் தெறந்து இருந்துதா?”

“பின்ன? நான் இப்பதான் ஒரு டம்ளர் குடிச்சிட்டு வரேன். இனிப்பு சரியா இருக்கான்னு மாஸ்டர் பாக்கச் சொன்னாரு. சரியா இருக்கு.”

அக்கா தட்டைக் கீழே வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“ஒடஞ்சதுக்கு முன்னாடி குடிச்சியா, அப்புறமாவா?”

வெண்ணிலா யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகத்திலிருந்து மலர்ச்சி வடிந்தது. “அப்புறமா” என்றாள்.

நாங்கள் மூவரும் கீழே ஓடினோம். மாஸ்டர் அண்டாவின் அருகே கரண்டியோடு நின்றிருந்தார். பெரிய உடம்பு, மடித்துக் கட்டிய கைலி, நெற்றி நிறையத் திருநீறு.

“ஒரு துண்டுகூட உள்ள விழல பாப்பா. கண்ணால பாத்தேன். எல்லாத்தையும் பொறுக்கிட்டேன். உங்க மேல ஆணை” என்றார்.

அக்கா முறத்தை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். அதே போன்ற கிராம்புப் புட்டி ஒன்றையும் அலமாரியிலிருந்து எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் மாதிரிக்கு நிறுத்திக்கொண்டார். பிறகு, இருநூறு பேர் சாப்பிடக் காத்திருந்த கூடத்தில், உடைந்த புட்டியைத் துண்டு துண்டாகச் சேர்த்து செல்லோடேப்பால் ஒட்டத் தொடங்கினார். வரிசையில் நின்ற பெண்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். அடிப்பாகம் எழுந்தது, வயிறு எழுந்தது, கழுத்து எழுந்தது. கடைசித் துண்டும் பொருந்திய பிறகு, கழுத்துக்குக் கீழே, கட்டைவிரல் நகத்தின் அளவில், முக்கோண வடிவில் ஓர் ஓட்டை எஞ்சியிருந்தது.

“மோன் தியு” என்ற மதாமின் குரல் பின்னாலிருந்து கேட்டது. அவர் கழுத்துச் சிலுவையைப் பற்றிக்கொண்டிருந்தார். “அந்த ஓட்டையில இருந்தது எங்க போச்சு?”

எல்லோரும் வெண்ணிலாவைப் பார்த்தார்கள். வெண்ணிலா தன் வயிற்றைப் பார்த்தாள்.

“எனக்கு இப்பவே குத்துற மாதிரி இருக்குது” என்றாள்.

“எந்தப் பக்கம்?”

“எல்லாப் பக்கமும்.”

மதாம் தமக்குத் தெரிந்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். உடனே கூட்டிவரச் சொன்னார் அவர். ஆட்டோவுக்குச் சொல்லியனுப்பினோம். அது வருவதற்குள் அக்கா அடுத்த காரியத்தில் இறங்கிவிட்டார். துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைப் போர்வை ஒன்றை நான்கு பேர் நான்கு முனையில் பிடித்தோம். மாஸ்டர் பாயசத்தை மொண்டு மொண்டு ஊற்ற, பால் இன்னொரு பாத்திரத்தில் வடிந்தது. போர்வையில் தங்கிய சேமியாவை அக்கா விரலுறை அணிந்து கையளவு கையளவாகப் பிரித்துப் பார்த்தார். வடிந்த பாலைத் தெளியவைத்து அடியில் தங்கியதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்தார். வெண்ணிலா குடித்த டம்ளரின் அடியில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை. ஏலக்காய்த் தோல் இருந்தது. கருகிய திராட்சை ஒன்று இருந்தது. கண்ணாடி இல்லை.

அக்கா நிமிர்ந்தார். குரல் வகுப்பெடுப்பவருடையதுபோல இருந்தது.

“வெண்ணிலா, கேளு. ஒரு பொருள் ஒடஞ்சா பெரிய துண்டு தனியா வராது. அது ஒன்னு விழுந்த எடத்துல சின்னச் சின்னதா பொடி நெறைய விழுந்திருக்கணும். இவ்ளோ பாயசத்துல ஒரு பொடிகூட இல்ல. உன் டம்ளர்லயும் இல்ல. பொடி இல்லாத எடத்துல பெரிசு விழுந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. நீ முழுங்கல.”

கூடத்தில் பெருமூச்சு ஒன்று பரவியது. வெண்ணிலாவிடம் மட்டும் அது போய்ச் சேரவில்லை. அவள் கண்களில் நீர் நிறைந்திருந்தது.

“உங்க கணக்கு என் வயித்துக்குத் தெரியுமாக்கா?”

வெளியே ஆட்டோ வந்து ஒலி எழுப்பியது. மதாம் வெண்ணிலாவின் தோளைப் பற்றி எழுப்பினார். அக்கா வாசலை மறித்துக்கொண்டு, “அஞ்சு நிமிசம் குடுங்க மதாம். அந்தத் துண்ட நான் கண்டுபுடிச்சிக் குடுக்கறேன்” என்றார்.

“எப்படிமா?”

“இன்னொரு பாட்டில ஒடைக்கணும்.”

மதாமின் கோபம் இம்முறை பிரெஞ்சில் தொடங்கி பிரெஞ்சிலேயே வெகுதூரம் சென்றது. ஒருவழியாகத் தமிழை அடைந்தபோது, “ஒன்னு ஒடஞ்சதுக்கே இந்தப் பாடு. இன்னும் ஒன்னா? உனக்குப் புத்தி கித்தி…” என்று மூச்சு வாங்கினார். ஆனால் ஸ்பகெட்டிப் பொட்டலம் ஒன்றை முடித்தவர் அவர். சோதனையின் மயக்கத்தை அறிந்தவர். வெண்ணிலாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “சீக்கிரம் ஒடச்சிடு” என்றார்.

காலி அண்டாவைக் கழுவி அதே இடத்தில் வைத்தார்கள். சுற்றிலும் தரையில் வெள்ளைப் போர்வைகள் விரிக்கப்பட்டன. எல்லோரையும் கூடத்தின் மறுகோடிக்கு விரட்டிவிட்டு, அக்கா தம் அறைக்கு ஓடிப்போய் மழைக்கோட்டு அணிந்து, தலைக்கவசம் மாட்டி, அதன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, தடித்த கையுறைகளோடு வந்தார். உச்சி வெயிலில், மெஸ்ஸின் நடுவே, புயலில் ஸ்கூட்டர் ஓட்டப் போகிறவர்போல நின்றார். கையில் கிராம்புப் புட்டி.

“மாஸ்டர், நீங்க எப்படி நின்னீங்க?”

“இப்படித்தாம்மா. அண்டாவ ஒட்டி.”

“எந்தக் கையி?”

“சோத்துக் கையி. தட்டினதும் வெடுக்குன்னு என் பக்கமா இழுத்துட்டேன்.”

அக்கா அவ்வாறே நின்று, புட்டியை விளிம்பில் தட்டினார். உடையவில்லை. மறுபடி தட்டினார். உடையவில்லை. வாழ்நாள் முழுவதும் பொருள்கள் தாமாக உடைந்து அவரை அழைத்திருக்கின்றன. அவர் வேண்டி அழைத்த அன்று புட்டி மறுத்தது. வெளியே ஆட்டோக்காரர், “வரீங்களா, நான் வேற சவாரி பாக்கவா?” என்று குரல் கொடுத்தார். மூன்றாவது தட்டில் அது நொறுங்கியது. அக்கா கையை வெடுக்கென்று தம் பக்கம் இழுத்தார்.

அவர் சிலைபோல நின்றார். பிறகு மெல்லத் தலையை மட்டும் குனிந்து பார்த்தார். அண்டாவுக்குள் ஒன்றும் இல்லை. அதற்கு அப்பால் விரித்திருந்த போர்வையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சில்லுகள் அனைத்தும் அவர் நின்ற பக்கத்திலேயே சிதறிக் கிடந்தன. மழைக்கோட்டின் இடுப்பு மடிப்பில் கழுத்துத் துண்டு ஒன்று தங்கியிருந்தது.

தலைக்கவசத்துக்குள்ளிருந்து அவர் குரல் மங்கலாகவும் தீர்மானமாகவும் வந்தது.

“மாஸ்டர், கைலிய அவுருங்க.”

மாஸ்டர் இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா பேசற நீ? பொம்பளப் புள்ளைங்க இத்தினி பேரு நிக்கிறாங்க.”

“மடிச்சுக் கட்டியிருக்கீங்க இல்ல? அந்த மடிப்புலதான் இருக்குது. அசையாதீங்க. நடக்காதீங்க. குத்திடும்.”

“நடக்காம எப்படிம்மா அவுக்கறது? இங்கேயேவா?”

“மாஸ்டர்” என்றார் மதாம், முப்பது வீட்டுக்குக் கேட்கும் குரலில், “ஸ்டோர் ரூம்.”

மாஸ்டர் நடந்தார். நடந்தார் என்பது மிகை. தலையில் நிறைகுடம் வைத்தவர்போல அங்குலம் அங்குலமாக நகர்ந்து, பொருளறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். கூடம் காத்திருந்தது. மதாம் சிலுவையைப் பற்றியிருந்தார். வெண்ணிலா என் முழங்கையைப் பற்றியிருந்தாள். உள்ளே அரிசி மூட்டையில் யாரோ உரசுகிற ஓசை. பிறகு மாஸ்டரின் குரல், கோயிலில் பேசுவதுபோலத் தணிந்து கேட்டது.

“யம்மாடி.”

கதவு ஒரு சாண் திறந்தது. மாஸ்டரின் வலக்கை மட்டும் வெளியே நீண்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முக்கோணக் கண்ணாடித் துண்டு, சன்னல் வெளிச்சத்தில் மின்னியது.

அக்கா அதைச் சாமணத்தால் வாங்கி வந்து, ஒட்டிவைத்த புட்டியின் ஓட்டையில் வைத்தார். மூன்று பக்கமும் பொருந்தியது. இருநூறு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யாரோ கைதட்டினார்கள். மதாம், “வொலா” என்றார்; பிறகு ஒரு நாற்காலியைத் தேடி அமர்ந்தார். ஆட்டோக்காரருக்கு வாழையிலையில் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பினோம். வெண்ணிலா தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “குத்தல் நின்னுடுச்சி” என்றாள். உடனே, “பசிக்குது” என்றாள். பாயசத்தைக் கொட்டிவிடும்படி மதாம் உத்தரவிட்டபோது அவள் முகத்தில் தோன்றிய வருத்தம், அவள் முற்றிலும் நலமாக இருக்கிறாள் என்பதற்கு எக்ஸ்ரேயைவிட நம்பகமான சான்றாக இருந்தது.

பந்தி தொடங்கியது. பொருளறையிலிருந்து மாஸ்டர் வேறு கைலியில் வந்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் சாம்பார் ஊற்றினார். ஒருமுறை சோதித்தது போதாது, இன்னும் சில புட்டிகளை உடைத்துப் பார்த்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும் என்று அக்கா மதாமிடம் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவரைக் காணவில்லை.

மெஸ்ஸின் பின்வாசலில், பாத்திரம் கழுவும் தொட்டியருகே, படியில் அமர்ந்திருந்தார். மழைக்கோட்டைக் கழற்றவில்லை. தலைக்கவசம் மடியில் இருந்தது. நான் அருகே சென்று, சாப்பிட வரவில்லையா என்று கேட்டேன். அவர் கைகளை முழங்கால்களுக்கு இடையே அழுத்தி வைத்திருந்தார்.

“பயந்துட்டேன்டி” என்றார்.

“நீங்கதானேக்கா விழுங்கியிருக்க வாய்ப்பு கம்மின்னு சொன்னீங்க?”

“கணக்கு சரிதான். ஆனா அது ஆயிரம் பாட்டில் ஒடஞ்சா எப்படி இருக்கும்னுதான் சொல்லும். ஆயிரத்துல ஒன்னு தப்பலாம்னும் அதுவேதான் சொல்லுது. நமக்கு இருக்கறது ஒரு வெண்ணிலாதானே.”

அப்போது வெண்ணிலா, இலையில் சோறும் கூட்டும் பொரியலும் நிறைய வைத்து இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். “எங்கெங்க தேடறது உங்கள?” என்று கடிந்துகொண்டே படியில் அமர்ந்து சோற்றைப் பிசைந்தாள். அக்கா மறுக்கக் கையை எடுத்தார். கை நடுங்குவதை வெண்ணிலா பார்த்துவிட்டாள். முதல் கவளத்தை உருட்டி அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“தெறங்கக்கா” என்றாள்.

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மாஸ்டரை யாரோ மோர் கேட்டு அழைத்தார்கள். மழைக்கோட்டு அணிந்த ஓர் ஆய்வாளருக்கு அவள் சோறு ஊட்டி முடிக்கும்வரை, வேறு யாரும் அந்தப் பக்கம் வந்துவிடாதபடி நான் பின்வாசலை மறைத்துக்கொண்டு நின்றேன்.